பத்தாவது நிமிடத்தில் நூற்றெட்டு

1

இரண்டு மாதத்துக்கு முன்னால், நான் ஜெர்மனிக்கு வேலைக்கு வந்து பதினோரு வருடம் முடிந்தது. யாரிடமும் சொல்லாமல் அந்த நாளைக் கடத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு பெரிய காலண்டர் உண்டு. யாருக்கு எப்போது பிறந்தநாள், யார் எப்போது வேலைக்கு வந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அன்று காலை உள்ளே நுழைந்ததுமே ஒரு தட்டில் கேக் துண்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். புளிப்புப் பழம் போட்ட கேக். பதினோரு வருடமாகியும் அந்தப் புளிப்பு எனக்குப் பிடிபடவில்லை. சிரித்துக்கொண்டே தின்றேன்.

என் வேலையைப் பற்றி ஊரில் ஒரு கதை உலவுகிறது. ஒரகடத்தில் இருக்கும் என் அண்ணன், ‘என் தங்கச்சி ஜெர்மன்ல மயக்க டாக்டரு’ என்று டீக்கடை வரை சொல்லி வைத்திருக்கிறான். நான் டாக்டர் இல்லை. மயக்கவியலில் இரண்டு வருடம் தனிப் பயிற்சி எடுத்த நர்ஸ். மயக்க மருந்தை டாக்டர் கொடுப்பார். மருந்தை எடுத்துத் தயாராக வைப்பதும், மூச்சுக்குழாய் போடும்போது கூட நிற்பதும், ஆபரேஷன் முடியும்வரை படுத்திருப்பவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பதும் என் வேலை. சுருக்கமாகச் சொன்னால், பார்ப்பதுதான் என் வேலை. நன்றாகப் பார்க்கிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கே கற்றுக்கொண்டேன் என்று யாரும் கேட்டதில்லை.

கேக் தின்றுகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அண்ணன் மகள் மோனிஷா ஒரு படம் அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி: ‘அத்தை, நானே பார்த்த கேஸ். சார்ட் எப்டி கீது?’

அது மயக்க மருந்துச் சார்ட். ஆபரேஷன் நடக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஆக்சிஜன் மூன்றையும் எழுதிக்கொண்டு போகும் தாள். அழகாக எழுதியிருந்தாள். கடைசி வரி பன்னிரண்டேகால் மணிக்கு. படத்தின் மூலையில் தியேட்டர் சுவர்க் கடிகாரம் கொஞ்சம் தெரிந்தது. அதில் மணி பதினொன்று பத்து.

கடிகாரம் நின்றுபோயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டேன். பிறகு என் கையிலிருந்த போனில் மணியைப் பார்த்தேன். இங்கே ஏழு நாற்பது. இங்கே வெயில்காலத்தில் நம் ஊர் மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே அப்போது பதினொன்று பத்துதான். கடிகாரம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னும் ஒரு மணி நேரம் கழித்து ஒரு மனிதருக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்கும் என்று என் அண்ணன் மகள் எழுதி முடித்திருந்தாள்.

2

மோனிஷா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். இரண்டு முறை நீட் எழுதினாள், இரண்டு முறையும் எட்டவில்லை. ஒரு வாரம் அழுதுவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

“டாக்டராத்தான் ஆவ முடியல. நர்சுக்குப் படிச்சே மயக்கம் குடுக்கறவளா ஆவ முடியுமா அத்தை? அமெரிக்கால அப்டி கீதுன்னு சொல்றாங்க.”

இருக்கிறது என்றேன். நம் ஊரில் மயக்கவியல் டாக்டர் ஆக எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் படிக்க வேண்டும். நர்சிங் படித்தவர்கள் கூட நின்று உதவலாம், தங்கள் பொறுப்பில் மயக்கம் கொடுக்க முடியாது. அமெரிக்காவில் அதற்கென்றே படித்த நர்சுகள் கொடுக்கிறார்கள். அவளுக்கு அன்றைக்கே உயிர் வந்துவிட்டது. ஒரு பெரிய சார்ட் பேப்பர் வாங்கி, வழி முழுவதையும் ஏணி மாதிரி வரைந்து, படுக்கைக்கு எதிரே சுவரில் ஒட்டிப் படம் அனுப்பினாள்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஏணியைத் திருத்திக்கொண்டே இருந்தேன். முதலில் டிகிரி. பிறகு நர்சிங் கவுன்சிலில் பதிவு. பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மேலே ஆள் நின்று சொல்லிக்கொடுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு வருடமாவது வேலை. அமெரிக்கா என்றால் அங்கே நர்சாக வேலை செய்ய ஒரு தேர்வு, விசாவுக்குக் காத்திருப்பு, அங்கேயும் தீவிர சிகிச்சையில் அனுபவம், அதன் பிறகு மூன்று வருடப் படிப்பு, கடைசியில் இன்னொரு தேர்வு. ஜெர்மனி என்றால் மொழி, சான்றிதழ் அங்கீகாரம், வேலை, இரண்டு வருடத் தனிப் பயிற்சி. ஆனால் இங்கே வந்தால் கடைசிவரை டாக்டருக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும், என்னைப் போல.

“பக்கத்துல நிக்கறது எனக்கு வேணாம் அத்தை. நானே குடுக்கணும்” என்றாள்.

கூட்டிப் பார்த்தோம். அமெரிக்க வழியில் எல்லாம் தடங்கலில்லாமல் போனாலும் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதாகும். “அதுக்குள்ள எங்கப்பா எனக்குக் கல்யாணம் பண்ணி பேரன் எடுத்துடுவாரு. எதனா குறுக்கு வழி இருந்தா சொல்லு” என்று சிரித்தாள். குறுக்கு வழி எதுவும் கிடையாது என்று அதட்டினேன். அந்தக் குரலில் பேச எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பதை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

நான்கு மாதத்துக்கு முன்னால் அண்ணன் போன் செய்தான். “பாப்பாவ நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலயே சேத்துட்டேன். காலேஜ் இல்லாத நாள்ல தியேட்டர்ல ஹெல்ப்பு. ரெண்டு வருசம் இருந்தா உனக்குக் குடுத்தாப்ல எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் குடுப்பாங்களாம்.”

நான் அப்போது வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: “ஓ, நல்லதுண்ணா.” பதினோரு வருடம் ஆகிவிட்டது, கட்டடம் பெரிதாகியிருக்கும், ஆட்கள் மாறியிருப்பார்கள், வழக்கமும் மாறியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

3

அந்த வழக்கத்தை விளக்க வேண்டுமென்றால் என் அண்ணனின் கம்பெனியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அண்ணன் ஒரு சின்ன சப்ளையர் கம்பெனியில் சேர்ந்தான். பெரிய கார் கம்பெனிக்கு ஏதோ ஒரு பாகம் செய்து அனுப்புவார்கள். லைனில் நிற்பவன் மணிக்கொரு தடவை போல்ட்டின் இறுக்கத்தை அளந்து செக் ஷீட்டில் எழுத வேண்டும். ஆனால் டார்கெட் ஓடும் வேகத்தில் அளக்க நேரம் கிடைக்காது. அதனால் ஷிப்ட் தொடங்கும்போதே எட்டு மணி நேரத்துக்கும் எழுதிவிடுவார்கள். ஆடிட் வரப்போகிறது என்றால் விட்டுப்போன ஒரு மாதத் தாளை வீட்டுக்கே எடுத்துவந்துவிடுவான். அவன் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆகவே எழுதுகிற வேலை எனக்கு வரும்.

முதல் நாள் எல்லாக் கட்டத்திலும் இருபத்தைந்து, இருபத்தைந்து என்று எழுதி வைத்தேன். தலையில் குட்டினான்.

“இன்னா இது, எல்லாம் ஒரே நம்பரா? ஆடிட்டர் பார்த்தா சிரிப்பான். கொஞ்சம் ஏத்திக்கினு எறக்கிக்கினு போடு. அப்பத்தான் நெசமா அளந்தாப்ல இருக்கும்.”

அப்படி எழுதக் கற்றுக்கொண்டேன். இருபத்து நாலு புள்ளி எட்டு. இருபத்தைந்து புள்ளி ஒன்று. அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. ஆடிட்டர் ஒரு தடவையும் சிரிக்கவில்லை.

நர்சிங் முடித்ததும் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வரும் சாலைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போவேன். கம்பெனிகளில் விரல் நசுங்கியவர்கள், குடல்வால் வீங்கியவர்கள், பிரசவத்துக்கு வந்தவர்கள் என்று தியேட்டர் ஓய்வதே இல்லை. மயக்க டாக்டர் ஒருவர்தான், நான்கு ஆஸ்பத்திரிகளுக்கும் அவரே. காரில் வருவார், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைப்பார், பத்து நிமிடம் நிற்பார், சார்ட்டில் கையெழுத்துப் போடுவார், அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார். திரும்ப வரமாட்டார் என்பதால் கையெழுத்துப் போடும்போதே சார்ட் முழுதாக இருக்க வேண்டும். ஆபரேஷன் முடியும் நேரம்வரை முன்கூட்டியே எழுதி நீட்ட வேண்டும். அவர் போன பிறகு தியேட்டரில் மயக்கத்தைப் பார்க்க நான் மட்டும்தான் இருப்பேன்.

சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். எனக்கு அது தவறாகவே படவில்லை. எங்கள் வீட்டில் பழகிய வேலைதான்.

புதிதாகச் சேரும் பெண்கள் தடுமாறினார்கள் என்று ஒரு மாதிரித் தாள் தயாரித்தேன். தொடக்கத்தில் 124/80. முதுகில் ஊசி போட்டால் அழுத்தம் கொஞ்சம் இறங்கும் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். இறங்காவிட்டால் சந்தேகம் வரும். அதனால் பத்தாவது நிமிடத்தில் 108/66 என்று இறக்கினேன். பதினைந்தில் 112/70. இருபதில் 116/74. பிறகு சமதளம். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, “பரவால்லயே, மூளை கீது உனக்கு” என்று சிரித்தார். ஒன்றை லேமினேஷன் செய்து தியேட்டர் சுவரில் ஒட்டினோம். ஒரு கட்டு ஜெராக்ஸ் எடுத்து மாடி அறை அலமாரியில் வைத்தேன்.

4

பேச்சியம்மாளுக்கு இருபத்திரண்டு வயது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். செல்போன் கம்பெனி லைனில் வேலை, இருங்காட்டுக்கோட்டையில் ஐந்தாறு பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தாள். குடல்வால் ஆபரேஷன். கூட வந்த பெண் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

“எக்கா, ரொம்ப வலிக்குமாக்கா?” என்று கேட்டாள்.

“காலு மரத்துப்போவும். ஒண்ணும் தெரியாது. நான் இங்கியே இருப்பேன்” என்றேன்.

டாக்டர் ஊசி போட்டார், கையெழுத்துப் போட்டார், கிளம்பினார். சர்ஜன் திரைக்கு அந்தப் பக்கம் வேலையைத் தொடங்கினார். நான் பேச்சியம்மாளின் தலைமாட்டில் உட்கார்ந்து, அடுத்த கேஸுக்கான சார்ட்டை நிரப்பத் தொடங்கினேன். மானிட்டர் சும்மாச் சும்மா கத்துகிறது என்று அதன் சத்தத்தை அணைத்து வைப்பது எங்கள் பழக்கம்.

“வயித்தப் பொரட்டிக்கிட்டு வருதுக்கா” என்றாள்.

“அப்டித்தாம்மா இருக்கும்” என்றேன். தலையைத் தூக்கவில்லை. 116/74 எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். சர்ஜன்தான் முதலில் கேட்டார்: “ரத்தம் ஏன் கறுப்பா வருது?” நான் நிமிர்ந்தபோது மானிட்டரில் அழுத்தம் காட்டும் இடத்தில் எண்ணே இல்லை, வெறும் கோடுகள்தான் இருந்தன. மருந்து இடுப்புக்கு மேலே ஏறி மூச்சை அமுக்கியிருக்கிறது. வயிற்றைப் புரட்டுகிறது என்று சொன்னாளே, அதுதான் முதல் அறிகுறி. இரண்டாம் வருடப் பாடத்தில் படித்தது. ஓடி வந்தார்கள், நெஞ்சை அமுக்கினார்கள், மயக்க டாக்டருக்குப் போன் போட்டார்கள். அவர் குன்றத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பாதித் தூரம் தாண்டியிருந்தார்.

அவள் போனது பதினொன்று இருபதுக்கு. அவளுடைய சார்ட்டில் பன்னிரண்டு மணிக்கு 120/78, ஆக்சிஜன் 98 என்று இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, பதினொன்று பத்தோடு நிற்கிற மாதிரி என்னையே வேறு எழுதச் சொன்னார்கள். எழுதினேன். திடீரென்று இதயம் நின்றுவிட்டது என்பதற்கு அந்தத் தாள்தான் அத்தாட்சி. நல்ல கையெழுத்து என்பதால் யாரும் இரண்டாவது முறை பார்க்கவில்லை.

அடுத்த நாள் அவளுடைய அண்ணன் ஊரிலிருந்து வந்தார். மடித்துக் கட்டிய வேட்டியை எங்களைப் பார்த்ததும் இறக்கி விட்டுக்கொண்டு நின்றார். எல்லாத் தாளையும் காட்டினார்கள். அவருக்கு என்ன புரியும்? கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

“நீங்கதானம்மா கூட இருந்தீக? கடைசியா ஏதும் சொன்னாளா?”

“இல்லண்ணா. தூக்கத்துலயே போய்ட்டாங்க” என்றேன். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஐந்து மாதம் கழித்து எனக்கு அனுபவச் சான்றிதழ் கிடைத்தது. மயக்கவியல் பிரிவில் இரண்டு வருடம், சிறப்பான பணி, பொறுப்புள்ளவர்.

5

அந்தச் சான்றிதழ்தான் என்னை இங்கே கொண்டுவந்தது. இந்த நாட்டில் ஒரு காகிதத்தை நம்பவைக்க இன்னும் நாலு காகிதம் வேண்டும். மொழிபெயர்ப்பு, அதற்கு முத்திரை, முத்திரை போட்டவருக்கு அதிகாரம் உண்டு என்பதற்கு இன்னொரு முத்திரை. அங்கீகார அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மயக்கத்தின்போது தாங்கள் யாருடைய நேரடிக் கண்காணிப்பில் பணியாற்றினீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். மயக்க டாக்டரின் பெயரை எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

முதல் மாதம் தலைமை டாக்டரை, நண்பர்களை விளிக்கும் ‘நீ’ போட்டுக் கூப்பிட்டுவிட்டேன். தியேட்டரே சிரித்தது. அதைவிட வேறு ஒன்றுதான் அவர்களுக்கு வினோதமாக இருந்தது. இங்கே மானிட்டரே எல்லாவற்றையும் தானாகப் பதிந்துகொள்ளும், யாரும் எழுத வேண்டியதில்லை. அப்படியிருந்தும் நான் ஒரு துண்டுத் தாளில் நேரத்தையும் எண்ணையும் எழுதுவேன், ஒவ்வொரு தடவையும் நோயாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு. ஏன் என்று கேட்டால் பழக்கம் என்பேன்.

6

அந்தப் படம் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் மோனிஷாவுக்குப் போன் செய்தேன். சமையலறை மேசையில் என் மகள் யாழினி படம் வரைந்துகொண்டிருந்தாள். பத்து வயது, பிறந்ததே இங்கேதான். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். அவளுக்குச் சாப்பாடு, குளிர், தூக்கம் அளவுக்குத்தான் தமிழ் புரியும் என்பது என் கணக்கு. அதனால் அவளை எழுந்து போகச் சொல்லவில்லை.

“மோனி, அந்தப் படத்துல மணி பதினொண்ணு பத்து. நீ பன்னண்டே கால் வரைக்கும் எழுதிக்கீற.”

“ஆமா. அதுக்கின்னா அத்தை?”

“அதுக்கின்னாவா?”

“டாக்டரு கெளம்பிடுவாரு. சார்ட்டு முழுசா இருந்தாத்தான் சைன் போடுவாரு. எல்லாரும் அப்டித்தான் எழுதறாங்க. செவுத்துல ஷீட்டே ஒட்டிக்கீது.”

“பத்தாவது நிமிசத்துல நூத்தியெட்டுக்கு அறுபத்தாறு. பதினஞ்சுல நூத்திப்பன்னண்டுக்கு எழுவது. ஏழுன்னு எழுதற இடத்துலல்லாம் நடுவுல ஒரு குறுக்குக் கோடு இருக்கும்.”

மெதுவாகக் கேட்டாள்: “உனக்கெப்டித் தெரியும்?”

சொன்னேன். செக் ஷீட்டிலிருந்து ஆரம்பித்து, பேச்சியம்மாளின் அண்ணன் கும்பிட்டதுவரை. பதினோரு வருடத்தில் என் கணவருக்குக்கூட முழுதாகச் சொல்லாததை, பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு மாணவியிடம் சொன்னேன். மோனிஷா அழவில்லை. கோபப்பட்டாள்.

“அப்போ நீ மட்டும் அந்த லெட்டர வெச்சிக்கினு போய்ட்ட. எனக்கு வேணாங்கற.”

“ஆமாண்டி. வேணாங்கறேன்.”

“நான் உன்ன மாதிரி இல்ல அத்தை. நான் பார்த்துக்கினுதான் இருப்பேன்.”

“நானும் அப்டித்தான் நெனச்சேன். எழுதி முடிச்சதுக்கப்புறம் யாரும் பார்க்கமாட்டாங்க மோனி. எண்ணு முன்னாடியே அங்க இருந்தா, கண்ணு அங்க போவாது.”

போனை வைத்துவிட்டாள்.

நான் திரும்பியபோது யாழினி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழில் கேட்டாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து: “அம்மா, அந்த அக்கா… அப்புறம் எழுந்தாங்களா?”

இத்தனை நாள் அவளுக்குத் தமிழ் போய்விடுகிறதே என்று எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன். அந்த நிமிடம், இது மட்டும் புரியாமல் போயிருக்கக் கூடாதா என்றிருந்தது. இல்லை, எழுந்திருக்கவில்லை என்றேன். அன்றிலிருந்து நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்து நிற்கிறாள்.

7

இரண்டு வாரம் மோனிஷாவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. தினமும் காலை ஏழு நாற்பதுக்கு நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். அங்கே பதினொன்று பத்து. யாரோ ஒருவர் அந்த மேசையில் படுத்திருப்பார். காலேஜ் இல்லாத நாளென்றால் மோனிஷா தலைமாட்டில் உட்கார்ந்திருப்பாள். குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாளா, நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்பது எனக்குத் தெரியாது. இங்கே என் முன்னால் படுத்திருப்பவரின் முகத்தில் பேச்சியம்மாளின் முகம் வந்து வந்து போகும்.

பிறகு ஒரு படம் வந்தது. மறுபடியும் சார்ட். ஆனால் இது அழுக்காக இருந்தது. எழுத்து கோணல், ஒரு இடத்தில் மை கலைந்திருந்தது, ஓரத்தில் நெருக்கி எழுதிய எண்கள். ஐந்தாவது நிமிடம் 102/60. அடுத்தது பத்தாவது நிமிடக் கட்டம்வரை காத்திருக்கவில்லை. ஏழாவது நிமிடத்துக்கு என்று அவளே ஒரு கோடு போட்டு 74/40 என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ‘வயித்த பொரட்டுதுன்னு சொன்னாரு’ என்று தமிழில் ஒரு வரி. பிறகு 80, 92, 110. டாக்டர் கையெழுத்துப் போடும் கட்டம் காலியாக இருந்தது.

உடனே போன் செய்தேன். காலில் இரும்புச் சட்டம் விழுந்து வந்த கான்ட்ராக்ட் தொழிலாளியாம். இந்தத் தடவை முன்கூட்டி எழுதமாட்டேன் என்று அவள் காலித் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். டாக்டர் திட்டிவிட்டு, கையெழுத்தைச் சாயந்திரம் போட்டுக்கொள்ளலாம் என்று பத்து நிமிடம்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார். அழுத்தம் விழுந்ததும் சலைனை வேகமாகத் திறந்துவிட்டு, சர்ஜனைக் கத்திக் கூப்பிட்டு, டாக்டருக்குப் போன் போட்டிருக்கிறாள். கார் இன்னும் கேட்டைத் தாண்டவில்லை. திரும்பி வந்து மருந்து கொடுத்திருக்கிறார். ஆள் பிழைத்துவிட்டார்.

“அப்புறம் டாக்டரு, இத கிழிச்சிட்டு நீட்டா வேற எழுதுன்னாரு. மாட்டேன்னுட்டேன். நாளையிலேர்ந்து வர வேணாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. லெட்டரும் கெடையாதாம். அந்தாளு கூப்டாரு அத்தை. மொதல்ல எனக்குக் காதுல வுழல. நான் செவுத்துல இருந்த ஷீட்டத்தான் பார்த்துக்கினு இருந்தேன்.”

நான் அழுதேன். அவளும் அழுதாள். உன் ஏணியில் அந்த ஒரு படியைக் கிழித்துவிடு, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், முப்பத்து மூன்று வயதானால் ஆகட்டும், நான் இருக்கிறேன் என்றேன்.

அண்ணனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. “நீ போய் செட்டில் ஆயிட்ட. அவ போறத கெடுத்துட்ட. நாங்கள்லாம் இத்தினி வருசமா எழுதிக்கினுதான் இருக்கோம். எந்த வண்டி நின்னுபோச்சு சொல்லு?” என்று கேட்டான். அது எனக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. அந்த வண்டிகளை வாங்கியவர்கள் எங்கெங்கோ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நடந்ததை எல்லாம் எழுதி, என் பெயரையும் போட்டு, நம் ஊரில் உரிய அலுவலகத்துக்கு ஒரு புகார் அனுப்பினேன். தங்கள் மனு பெறப்பட்டது என்று ஒரு வரி வந்தது. அதே கடிதத்தை மொழிபெயர்த்து, இங்கே எனக்கு அங்கீகாரம் கொடுத்த அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பினால் என் வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை. உறையில் போட்டு, முகவரி எழுதி, தபால்தலையும் ஒட்டிவிட்டேன். மூன்று வாரமாக மேசை மேல் இருக்கிறது. யாழினி ஒவ்வொரு நாளும் அதை நகர்த்திவிட்டுத்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மோனிஷாவிடம், சுவரில் இருந்த அந்தத் தாள் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“கடைசி நாளே பிச்சிக்கினு வந்துட்டேன். லேமினேஷன் கிழியல, கத்திரிக்கோலால வெட்டிப் போட்டேன். ஆனா என் எடத்துக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்துக்கீது. எங்க காலேஜு ஜூனியர்தான். அக்கா, அந்த ஷீட்டு போட்டோ இருந்தா அனுப்புங்கன்னு மெசேஜ் பண்ணுச்சு. இல்ல, அத பார்த்து எழுதாதன்னு நீ சொன்னதெல்லாம் சொன்னேன்.”

“இன்னா சொல்லுச்சு?”

“பரவால்லக்கா, மாடி ரூமு அலமாரில ஒரு கட்டு ஜெராக்ஸ் கீது, கெடச்சிடுச்சுன்னு சொல்லுச்சு.”

அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. அவள் இதைப் படிப்பாளா என்றும் தெரியாது. அவளுக்காகத்தான் இதை எழுதினேன். தொடக்கத்தில் 124/80, பத்தாவது நிமிடத்தில் 108/66, பதினைந்தில் 112/70. அது யாருடைய ரத்த அழுத்தமும் இல்லை தாயி. நான் உட்கார்ந்து யோசித்து எழுதியது. தலையைத் தூக்கிப் பார். உன் முன்னால் படுத்திருப்பவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார்.